பல்லைப் புடிச்சுப் பாத்து வாங்கு, சாமி

வா சாமி, உக்காரு. போனை என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டாத, கண்ணாடியைப் பொடக்காளில வெச்சுட்டு வந்துட்டேன். நீயே படிச்சுச் சொல்லு. வெலை என்ன? 1,39,990-ஆ? அந்தப் பத்து ரூவாயை மட்டும் எதுக்கு உட்டுவெச்சானாமா, உன்ற வெத்தலபாக்குச் செலவுக்கா?

சரி சரி, மொகத்தைத் தூக்காத. ஊட்ல இருந்தே வேலை பாக்கறதுக்கு லேப்டாப்பு வாங்கறேங்கற, நல்ல சங்கதி. உன்ற அம்மிச்சி வேற, ‘தென்னந்தோப்புக் குத்தகைப் பணத்துல பேரனுக்குக் குடுத்துருங்க’ன்னு வெடியால இருந்து ஒரே பாட்டு. பணத்தைப் பத்தி ஒண்ணுமில்ல. கீபோர்டு முச்சூடும் ஏழு கலர்ல லைட்டு எரியுது, மூடி மேல ஒரு பேய்த் தலை, ரெண்டு பக்கமும் பொகை போற ஓட்டை. மாரியம்மன் நோம்பிக்கு சீரியல் செட்டுக்காரனுக்கு நேத்துத்தான் அட்வான்ஸ் குடுத்தோம். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தீன்னா இதையே கோயல் வாசல்ல வெச்சுப்போட்டு அந்தக் காசை மிச்சம் பண்ணியிருக்கலாம்.

இத்தனை சாமான் இருக்கற மிசின்ல நீ பாக்கற சோலி என்ன கண்ணு? ராத்திரி சாப்ட்டுப்போட்டு உக்காந்தா, அமெரிக்காக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போன பில்லை எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்கு ஏத்தற. ஒரு பக்கம் எக்செல், ஒரு பக்கம் குரோம்ல இருவது முப்பது டேபு, நடுநடுவுல டீம்ஸ்ல மீட்டிங்கு. கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சுக்காத. உன்ற ரூமுக்கும் என்ற கட்டலுக்கும் நடுவுல இருக்கறது ஒரே செவுரு. ‘ஆடிபிளா, ஆடிபிளா’ன்னு நீ கத்தறது அமெரிக்காவுல கேக்குதோ இல்லையோ, கட்டுத்தாரில மாடு எந்திரிச்சு நின்னுக்குது.

காங்கேயத்துல நம்ம பங்காளி பேரன் லேப்டாப்பு ரிப்பேர் கடை வெச்சிருக்கறானே, பொழுது போகலைன்னா பஸ்ஸேறி அங்க போயி உக்காந்துக்குவேன். ஃபேன் காத்து சும்மா, டீ அவன் கணக்கு. கண்ணபுரம் தேர்ச் சந்தை, அந்தியூர் குருநாதசாமி கோயல் சந்தைன்னு மாடு புடிச்சுக் குடுத்தே வயசு போனவன் நானு. மாட்டுல ஒரு கஷ்டம், தொறந்து உள்ள பாக்க முடியாது. இங்க பாரு, பத்து ஸ்குரூவைக் கழட்டுனா கொடல் முச்சூடும் தெரியுது. அப்பிடி இருந்தும் சனம் வெளித்தோலைப் பாத்தே வாங்கிட்டு வருது பாரு, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மாடு வாங்க வர்றவன்கிட்ட நானு மொதல்ல மாட்டைப் பத்திப் பேசமாட்டேன். எத்தனை ஏக்கரா, கெணத்துப் பாசனமா மானம் பாத்த பூமியா, வண்டிக்கா ஏருக்கா, தீனி எங்க இருக்குதுன்னு கேப்பேன். பாதிப் பேரு முழிப்பான். அவனுக்கு வேண்டியது ஏரு ஓட்டற மாடில்ல, பக்கத்துத் தோட்டத்துக்காரன் பாத்து வகுறெரியற மாடு. நீ எந்த ரகம்னு நானு சொல்லலை. நீயே சொல்லு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி உன்ற கம்பெனிக்காரனை ரெண்டு கேள்வி கேளு. ஒண்ணு, ‘சாமி, மிசினு நீங்க குடுப்பீங்களா, நானே வாங்கிக்கோணுமா?’ கேட்டா வேலையை உட்டு எடுத்துப்போடுவானுகன்னு பயப்படாத. அமெரிக்காவுல 1996-லயே ஹிப்பான்னு ஒரு சட்டம் போட்டு, நோயாளி சங்கதி வெளிய போகப்படாதுன்னு கட்டுமானம் பண்ணி வெச்சிருக்கறாங்க. அதனால உன்ற தொழில்ல நெறையக் கம்பெனி சொந்த மிசினைக் கிட்டவே சேத்தாது. சேத்துனாலும், விண்டோஸ் ஹோம் ஆகாது, புரோதான் வேணும், பிட்லாக்கர் போட்டுப் பூட்டோணும்னு கண்டிசன் போடுவான். நீ ஆசையா ஹோம் இருக்கறதை வாங்கியாந்து, பொறவு புரோவுக்கு மாத்தறதுக்குத் தனியா அழுகோணும்.

ரெண்டாவது கேள்வி, வேலை நடக்கறது உன்ற மிசினுக்குள்ளயா, அவன் மிசினுக்குள்ளயா? நீ லாகின் பண்ணறப்ப ஒரு சன்னல் தொறந்து, அதுக்குள்ள இன்னொரு விண்டோஸ் தெரியுதே, அதுதான். அப்பிடின்னா கணக்குப் போடற மிசினு எங்கியோ ஒரு ஊர்ல இருக்குது. இங்க இருக்கறது அதை எட்டிப் பாக்கற சன்னல். சன்னலுக்கு எதுக்கு சாமி ஆர்.டி.எக்ஸ். கார்டு? எக்செல்லுல ரத்தம் தெறிக்குமா? அந்தக் காரைத் திருடி ஓட்டற வெளையாட்டோட ஆறாவது பாகம் வருதுன்னு நீயும் எதுத்தூட்டுப் பையனும் பேசிட்டு இருந்தது என்ற காதுல உழுகல. நானு செவுடன்.

சரி, வெளையாட்டு மிசினே வாங்கறேன்னு வெச்சுக்குவோம். ரெண்டு கிலோ நானூறு கிராமுன்னு போட்டிருக்குதே, அது மிசினு மட்டும். சார்ஜரு தனியா அரைக் கிலோவுக்கு வரும், அதைக் கணக்குல காட்டமாட்டான். கரண்டு போனா பேட்டரி மூணு மணி நேரம் நின்னா உன்ற அதிர்ஷ்டம். ஃபேனு சுத்த ஆரம்பிச்சா மீட்டிங்குல அந்தப் பெங்களூரு மேனேஜர் அம்மா, ‘தம்பி, மோட்டாரை நிறுத்திட்டு வா’ம்பாங்க. ஊட்ல இருந்து வேலை பாக்கறவனுக்கு வேண்டியது ரோசமில்ல, நெதானம்.

இப்ப வயசுக்கு வரலாம். மாட்டுக்குப் பாப்பல்லு உழுந்து ரெண்டு பல்லு மொளைச்சா ரெண்டு வயசு தாண்டிருச்சுன்னு கணக்கு. நாலு, ஆறு, எட்டுன்னு போயி கடை சேந்துருச்சுன்னா அதுக்கு மேல வாயைப் பாத்து வயசு சொல்லறது கஷ்டம். சந்தைல அதையும் மறைக்கறதுக்கு ஆளிருக்குது. கொம்பைச் சீவி, வெளக்கெண்ணெய் தடவி, கழுத்துல புதுச் சலங்கை கட்டி, கெழட்டு எருதை எளங்காளைன்னு நிறுத்துவாங்க. நானு அப்பிடிச் செஞ்சதில்ல. செஞ்சவங்களை நெம்ப நல்லாத் தெரியும்.

லேப்டாப்புக்குப் பல்லு எங்க இருக்குதுன்னா, அந்த ஸ்டிக்கர்ல இல்ல, பிராசசரோட முழு நம்பர்ல இருக்குது. கடைப் பையன் ‘ஐ7 சார், ஐ7 சார்’ம்பான். ஐ7-ங்கறது மாடுன்னு சொல்லற கணக்கு. எந்தப் பட்டி மாடு, எத்தனை பல்லுன்னு அதுல தெரியாது. அதுக்கப்பறம் ஒரு கோடு போட்டு நம்பர் வருதில்ல, அதுல மொத ரெண்டு நம்பரு தலைமுறை. கடைசில வர்ற எழுத்து கொணம். யூ-ன்னா கரண்டைக் கம்மியாக் குடிச்சுட்டு மெதுவாப் போகும், பேட்டரி நிக்கும். எச்-ன்னா எச்சாக் குடிக்கும், எச்சா ஒழைக்கும், சூடாகும். ஐ7-10510யூ-ங்கறது பத்தாந் தலைமுறை, அதுல கோரு நாலு. ஐ5-13420எச்-சுங்கறது பதிமூணு, அதுல கோரு எட்டு. ஏழு பெருசா அஞ்சு பெருசான்னு இஸ்கோல்ல கேட்டா ஏழும்ப. சந்தைல அந்த வாய்ப்பாடு செல்லாது.

2023 கடைசில இண்டெல்காரன் அந்த ‘ஐ’யவே உருவிப்போட்டு கோர் அல்ட்ரான்னு புதுப் பேரு வெச்சான். அதோட உட்டானா, அல்ட்ரா இல்லாம வெறும் கோர் 5, கோர் 7-ன்னும் ஒரு பட்டியை எறக்குனான். 2024-ல வந்த கோர் 5 120யூ-ங்கறது பேரு புதுசு, உள்ள பதிமூணாந் தலைமுறைச் சரக்கேதான். மோசமுன்னு சொல்லலை, நல்லாவே ஒழைக்கும். புது மாட்டு வெலை குடுக்காதன்னுதான் சொல்றேன்.

ஏ.எம்.டி.க்காரன் ரைசன் 7000 வரிசை இன்னும் தமாசு. அங்க மொத நம்பரைப் பாத்தா ஏமாந்துருவ, மூணாவது நம்பரைப் பாக்கோணும். கம்பெனிக்காரனே அப்பிடித்தான் கணக்கு வெச்சிருக்கறான். ரைசன் 5 7520யூ இருக்குதே, அதுல மூணாவது நம்பரு ரெண்டு. அப்பிடின்னா ஜென் 2, 2019-ல வந்த கட்டுமானம். கோரு நாலேதான். அதே ரைசன் 5-ல 7530யூ-ன்னா ஜென் 3, கோரு ஆறு. நம்பர்ல பத்துதான் வித்தியாசம், மாட்டுல ஒரு தலைமுறை வித்தியாசம். அந்த 7520யூ-ல இன்னொண்ணு, ரேமைப் போர்டோட பத்தவெச்சுத்தான் வரும். எட்டு ஜி.பி. வாங்குனீன்னா காலம் பூரா எட்டுதான். கடைல இதை யாரும் சொல்லமாட்டாங்க. மாட்டுக்காரன் அவன் மாட்டோட சுழியை அவனே எடுத்துச் சொல்லி நீ பாத்திருக்கறயா?

ரேமுன்னு வந்ததுனால சொல்றேன். நேத்து ராத்திரி நீ தலைல கைய வெச்சுட்டு உக்காந்திருந்தப்ப நானு தண்ணி குடிக்கற சாக்குல எட்டிப் பாத்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப்பு மூணையும் ஒட்டுக்கா அமுத்துனா டாஸ்க் மேனேஜர் வருது பாரு, அதுல மெமரிங்கற எடத்துல தொண்ணூத்தி மூணு சதவீதம்னு செவசெவன்னு நின்னுது. எட்டு ஜி.பி.ல விண்டோசும் டீம்சும் குரோமும் மூணும் ஒரே கட்டுத்தாரில கட்டுனா முட்டிக்காம என்ன பண்ணும்? விண்டோஸ் 11-க்கு நாலு ஜி.பி. போதுமுன்னு மைக்ரோசாப்ட்காரன் எழுதி வெச்சிருக்கறான். அது மாடு உசுரோட இருக்கறதுக்கு, ஏரு ஓட்டறதுக்கு இல்ல. ஆப்பிள்காரனே 2024 அக்டோபர்ல மேக்புக் ஏருக்கு எட்டை எடுத்துப்போட்டுப் பதினாறுல இருந்துதான் ஆரம்பம்னு வெச்சுட்டான். காசு உடறதுல அவன் எத்தனை கெட்டியானவன்னு உனக்குத் தெரியும்; அவனே எறங்கி வந்துட்டான்னா பாத்துக்க.

அதனால பதினாறு வாங்கு. இல்ல, எட்டுப் போட்டது ரெண்டு சிலாட்டோட கெடைச்சா, ஒண்ணு காலியா இருக்குதான்னு பாத்து வாங்கிப்போட்டு, பங்காளி பேரன்கிட்ட இன்னொரு எட்டைப் போட்டுக்க. அதே மெமரிப் பக்கத்துல எத்தனை சிலாட்டு, எத்தனை ரொம்பியிருக்குதுன்னு எழுதியிருக்கும், கடைலயே அமுத்திப் பாரு. ஆனா ஒண்ணு, ரேமு வெலை இப்ப பழைய வெலை இல்ல. 2025 கடைசில இருந்து ஏறிக் கெடக்குது. ஏ.ஐ. டேட்டா சென்டர் கட்டறவங்க மெமரியை மொத்தமா அள்ளிட்டுப் போறாங்களாமா. நீ அதுக்கிட்டக் கேள்வி கேட்டுக் கதையெழுதி வாங்கி மேனேஜருக்கு அனுப்பறியே, அதுக்குத்தான் உன்கிட்டயே வசூலிக்கறாங்க.

ஏ.ஐ. லேப்டாப்புன்னு ஒண்ணு கடைல முன்னால நிறுத்தியிருப்பான். கோபைலட் பிளஸ்ஸுங்கறது 2024 மே மாசம் மைக்ரோசாப்ட் கொண்டாந்த பட்டம், என்.பி.யூ-ன்னு தனியா ஒரு சில்லு, 40 டாப்ஸ் வேணும், ரேமு பதினாறு வேணும்னு கண்டிசன். கெடைச்சா வேண்டாங்காத, அதுக்குன்னு எச்சாக் குடுக்காத. உன்ற ஏ.ஐ. ஓடறது மிசின்ல இல்ல, நெட்டுலதான்.

எஸ்.எஸ்.டி. 512 போதும். இ.எம்.எம்.சி.ன்னு சின்ன எழுத்துல போட்டு வெலை கம்மியாக் காட்டுனா எந்திரிச்சு வந்துரு.

தெரை. இதுல மட்டும் சித்த நின்னு நெதானமாப் பாரு, ராத்திரி முச்சூடும் உன்ற கண்ணு மேயப்போறது இதுலதான். கடைல சுத்திட்டு இருக்கற மயிலு படத்தைப் பாத்து மயங்காத. அந்தப் படத்துல எந்தத் தெரையும் நல்லாத்தான் இருக்கும். எக்செல்லைத் தொறக்கச் சொல்லு, வெள்ளையா ஒரு பக்கம் வரட்டும், சின்னச் சின்ன நம்பரா ரெண்டு வரிசை அடி. பொறவு எந்திரிச்சுப் பக்கவாட்டுல போயி நின்னு பாரு, வெளுத்துப் போச்சுன்னா அது டி.என். தெரை, ஐ.பி.எஸ்.னு கேளு. 250 நிட்சுன்னா வெளிச்சம் கம்மி. பகல்ல நீ சன்னலோரத்துல உக்கார்ற ஆளு, 300-க்கு மேல பாரு. பளபளன்னு இருக்கறது வேண்டாம், மேட்டு வாங்கு. பளபளப்புல நம்பரு தெரியாது, உன்ற மூஞ்சிதான் தெரியும். அதை எத்தனை நேரம் பாப்ப?

நம்பர் பேடு உனக்கு வேணும், பில்லுக் கணக்குக்காரன். பதினாலு இஞ்சில அது வராது, பதினஞ்சே முக்காலுக்குக் கிட்ட போகோணும். இல்லைன்னா தனிக் கீபோர்டு. கீபோர்டுல லைட்டு எரியறதை நானு ஒத்துக்கறேன், ராத்திரி வேலை உனக்கு. வெள்ளை லைட்டு. ஏழு கலரு வேண்டாம்.

கேமரா 720-பி-ன்னா வேண்டாம்னு சொல்லுவாங்க. உனக்கு அதுவே போதும், நீ எப்பக் கேமராவை ஆன் பண்ணியிருக்கற?

இனி நம்ம தோட்டத்துக்கு வருவோம். கடைக்காரனுக்குத் தெரியாத சங்கதி இங்கதான் இருக்குது.

கரண்டு. வோல்டேஜு ஏறும் எறங்கும்னு ஸ்டெபிலைசர் தேடாத. லேப்டாப்பு அடாப்டர் மேல 100-240-ன்னு அச்சடிச்சிருக்குது பாரு, அது அந்தக் கூத்தை எல்லாம் பாத்துக்கும். கரண்டு போனாலும் லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்குது, ஒண்ணும் ஆகாது. ஆனா நீ ‘நெட்டு போச்சு, நெட்டு போச்சு’ன்னு குதிக்கற. ஏன்? ஆசாரத்துல செவுத்துல தொங்குதே கேபிள்காரன் மாட்டுன பொட்டி, அதுக்குப் பேட்டரி இல்ல. ஒண்ணு நாப்பது லட்சத்துக்கு மிசினு வாங்கி, அந்தப் பொட்டி செத்ததுனால நீயும் செத்தவனா உக்காந்திருப்ப. பன்னண்டு வோல்ட்டு மினி யூ.பி.எஸ்.னு உள்ளங்கை அகலத்துல ஒண்ணு விக்குது, லேப்டாப்பு வெலைக்கு முன்னால அது ஒரு வெலையே இல்ல. ரவுட்டருக்கும் பிளக்குக்கும் நடுவுல சொருகி உட்டுட்டா கரண்டு போனதே தெரியாது. வாங்கறப்ப ரவுட்டர் அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப் போகுதான்னு பாத்துக்க.

அந்தப் பொட்டிக்கும் உன்ற ரூமுக்கும் நடுவுல என்ற அப்பாரு கட்டுன ஒண்ணரையடி மண்ணுச் செவுரு. வைஃபைல 5 ஜிகாஹெர்ட்சுங்கறது வெசயாப் போகும், செவுரைக் கண்டாத் திரும்பிரும். 2.4 மெதுவாப் போகும், செவுரைத் தாண்டும். ரெண்டும் வேண்டாம்னா ஒரு லேன் வயரை இழுத்துப்போடு. ஒல்லியான மிசின்ல லேன் ஓட்டையே இருக்காது, ஒரு டாங்கிள் வாங்கிக்க. வயரைக் கட்டலுக்கு அடில உட்டு இழு. அம்மிச்சி தடுக்கி உழுந்தா லேப்டாப்பு இ.எம்.ஐ.யோட ஆஸ்பத்திரி இ.எம்.ஐ.யும் சேந்து வரும்.

எர்த்து! மறக்காத. இரும்பு ஒடம்பு மிசினைச் சார்ஜ் போட்டுக்கிட்டே தொட்டா கையில கூசுது, மிசினு கெட்டுப்போச்சுன்னு கடைக்கு ஒருத்தன் தூக்கியாந்தான். பங்காளி பேரன் சிரிச்சுட்டே மூணு ஓட்டை பிளக்குல சொருகிக் காமிச்சான், கூச்சம் நின்னு போச்சு. மிசினு மேல தப்பில்ல, அவன் ஊட்ல எர்த்துக் கம்பி அத்துக் கெடந்திருக்குது. நம்ம சாளைல எர்த்துக்கு அடிச்ச கொழாயைச் சுத்தி எத்தனை வருசமாச்சு தண்ணி ஊத்தி? நாளைக்கு நீயே ரெண்டு கொடம் ஊத்து, ஒடம்புக்கும் நல்லது.

அந்தக் கடைல நானு பாத்ததுல இன்னொண்ணு மனசை உட்டுப் போகமாட்டேங்குது. ஒரு புள்ள கொண்டாந்த லேப்டாப்பு, தானா ஆஃப் ஆயிருது, அடுப்பாக் கொதிக்குது. அடி மூடியைக் கழட்டி, ஃபேனுக்கும் அந்தச் செம்புத் தகட்டுக்கும் நடுவுல இடுக்கியை உட்டு இழுத்தான். தூசி சிக்குப் புடிச்சு, தகட்டு அகலத்துக்கு ஒரே துண்டா வந்துது. அதுக்குள்ள நாலு தலைமுடி, ஒரு முறுக்குத் துணுக்கு, அதைத் தின்ன வந்து அங்கியே செத்துப்போன கட்டெறும்பு. ‘எங்க வெச்சு வேலை பாக்கற கண்ணு’ன்னு கேட்டேன். ‘மெத்தை மேல, போர்வைல’ன்னுச்சு. காத்து உள்ள போற வழி அடிப்பக்கம், அதைப் பஞ்சு மெத்தைல அமுக்கி வெச்சா மூச்சு எங்க உடும்? கயித்துக் கட்டல்ல வெச்சிருந்தாலாவது அடில காத்து வந்திருக்கும். உனக்கு ரெண்டும் வேண்டாம், மேசைல வெய்யி. மேசைல வெச்சா உடனே கழுத்து குனியும். அதுக்கு ஒரு பெரிய மானிட்டர் வாங்கிக் கண்ணு மட்டத்துக்கு நிறுத்து, தனிக் கீபோர்டு போடு, முதுகு தாங்கற சேரு ஒண்ணு வாங்கு. பேய்த்தலை மிசினை உட்டுப்போட்டுச் சாதா மிசினு வாங்குனீன்னா மிச்சமாகற பணத்துல இத்தனையும் வந்துரும், நானு கணக்குப் போட்டுட்டேன். உன்ற வயசுல நானு அந்தியூருக்கு மாட்டை நடத்தியே கூட்டிட்டுப் போவேன். நீ கட்டல்ல படுத்து டைப்படிச்சுட்டு இடுப்பு வலிங்கற.

பணத்தைக் கட்டறதுக்கு வருவோம். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ன்னு எழுதியிருந்துதா? சும்மா பணம் தர்றவன் இந்த உலகத்துல என்ற மாமியா மட்டும்தான், அவங்களும் போயிச் சேந்துட்டாங்க. ரிசர்வ் பேங்கு 2013-லயே சூன்ய வட்டின்னு சொல்லி ஏமாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு. அதனால இப்ப என்ன பண்ணறான்னா, வட்டி அளவுக்கு வெலைல தள்ளுபடி குடுத்துப்போட்டு, பேங்கு வட்டியை வாங்கிக்குது. கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உன்ற தலைல. பிராசசிங் பீசு தனி. மொத்தமாக் கட்டுனா அந்தத் தள்ளுபடி உனக்கே கெடைக்குமான்னு கேட்டுப் பாரு, சில கடைல கம்முனு கொறைச்சுக் குடுப்பாங்க.

‘வரி கொறைஞ்சதுனால வெலை கொறைஞ்சுது’ன்னு கடைல சொன்னா நம்பாத. 2025 செப்டம்பர்ல 28-ல இருந்து 18-க்கு எறங்குனது ஏ.சி., பெரிய டி.வி. எல்லாம். லேப்டாப்பு முன்னாடியே 18-லதான் நின்னுட்டு இருந்துது.

வாரண்டில ஆன்சைட்டான்னு கேளு, ஆள் ஊட்டுக்கே வந்து பாப்பான். அப்பிடிக் கேக்கறப்ப நம்ம பின்கோடைச் சொல்லிக் கேளு. டெல்லு ஸ்ரீபெரும்புதூர்ல செய்யறான், லெனோவா பாண்டிச்சேரில செய்யறான், பக்கந்தான்னு நீ நெனச்சுக்குவ. செய்யறது எங்கியோ இருக்கட்டும். ரிப்பேருக்கு நம்ம தோட்டத்து வண்டித்தடத்துல வர்றதுக்கு ஆளிருக்குதா, அதைக் கேளு. காபி கொட்டுனாலும் பாத்துக்கற ஆக்சிடென்டல் கவர் ஒண்ணு இருக்குது, உனக்கு அது அவசியம். அம்மிச்சி குடுக்கற சொம்புக் காபி வருசத்துல ஒருக்காவாவது கீபோர்டைக் குளிப்பாட்டும்.

செகண்ட் ஹேண்டும் தப்பில்ல. பெரிய கம்பெனிகள்ல குத்தகை முடிஞ்சு வர்ற திங்க்பேடு, லேட்டிட்யூடு எல்லாம் கட்டுமஸ்தான மாடு, நல்ல தீனில வளந்தது. கறுப்புத் தெரையைத் தொறந்து பேட்டரி ரிப்போர்ட்டு எடுத்துப் பாக்கோணும், அதுல செஞ்சப்ப எத்தனை கொள்ளளவு, இப்ப எத்தனைன்னு பக்கத்துல பக்கத்துல வரும். பழைய கம்பெனி பூட்டு இன்னும் கெடக்குதான்னும் பாக்கோணும். நீ புதுசுதான் வேணுங்கற, வாங்கு. யாரு தடுத்தா?

ஆமா, அந்தப் பழசை என்ன பண்ணப்போற? எக்ஸ்சேஞ்சுக்கா? எத்தனைக்கு எடுத்துக்கறானாமா? மூவாயிரமா? அவன் குடுக்கறதே பெருசு சாமி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட கணக்கு முடிஞ்சுது. அது மெதுவா வேற போகுது, பேட்டரி நிக்கமாட்டேங்குது, கீல் வேற ஆடுது. கெழடு. அதை வெச்சுட்டு என்ன பண்ணறது? எனக்குக் குடுத்துரு, கண்ணபுரத்து மாட்டு வீடியோவாவது பாத்துட்டுக் கெடக்கறேன்.

என்ன மொறைக்கற? ...ஓ, பங்காளி பேரன் போன் பண்ணிச் சொல்லிப்போட்டானா. கூறுகெட்டவன். சரி, ஆமா, அது எட்டாந் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11 ஏறும், பட்டியல்ல பேரு இருக்குது. மெதுவாப் போறதுக்குக் காரணம் உள்ள சுத்தற பழைய ஹார்ட் டிஸ்க்கு, ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, தூசியைத் தட்டி, பேட்டரியை மாத்துனா இன்னும் நாலஞ்சு வருசம் ஓடும். அதெல்லாம் உன்கிட்ட எதுக்கு மொதல்லயே சொல்லோணும்? விக்கறவன்கிட்ட மாட்டோட நல்ல சுழியை எடுத்துச் சொல்லறவன் தரகனா?

அம்மிச்சி காதுல உழுகாம மெதுவாப் பேசு. மூவாயிரத்துக்கு மேல ஒரு காசு தரமாட்டேன். இந்தா துண்டு, கைய உள்ள உடு. எத்தனை வெரலைப் புடிக்கற?... டேய், அது ரெண்டு வெரல் கூட.